முழுநேர வேலை கிடைத்திருக்கிறது, வெல்ஃபெயரை விட்டால் தாக்குப்பிடிப்பேனா?

ரெண்டு_பிள்ளை_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். கனநாளாய் இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும். மூத்தவனுக்கு 9, சின்னவளுக்கு இரண்டரை. மனிசன் விட்டுப்போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

வெல்ஃபெயரில், அதாவது ஒன்ராறியோ மாகாணம் தரும் உதவிக் காசில், வாடகைக்கென்று 697, மற்ற எல்லாவற்றுக்கும் 360, ஆக மாதம் 1,057 டொலர். மத்திய அரசின் பிள்ளைக் காசு, மாகாணம் பிள்ளைகளுக்குத் தருவதையும் சேர்த்தால் 1,500 மட்டில் வரும். வாடகை 1,450. மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்கள்.

போன கிழமை ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கிழமைக்கு 35 மணித்தியாலம், மணிக்கு 18.50. சந்தோசத்தில் உடனே வெல்ஃபெயர் ஒஃபிஸில் என் ஃபைலைப் பார்க்கும் கேஸ்வேர்க்கருக்குப் போன் பண்ணினேன். அந்தப் பிள்ளையும் சந்தோசமாய் வாழ்த்திவிட்டு, அப்படியென்றால் முதல் சம்பளத்தோடு ஃபைலை மூடிவிடுகிறேன், மருந்துக் கார்ட்டும் அதோடு நிற்கும் என்றது. இரண்டு நிமிடம்கூட இல்லை. எனக்குச் சீனி வருத்தம், மூத்தவனுக்கு ஆஸ்துமா. டேகெயர் காசை நினைத்தால் நித்திரை வரவில்லை. வேலைக்குப் போக விருப்பம்தான், பயமும் அதேயளவு. விட்டு வந்த ஆக்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_சித்தி:
தங்கச்சி, நான் இரண்டு தரம் விட்டவள். முதல் தரம் நாலு மாதத்தில் திரும்பி வந்து அதே கவுண்டரில் நின்றேன், அந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எனக்குச் சப்சிடி வீடு, அரசாங்க மானியத்தில் வாடகை குறைந்த வீடு. வெல்ஃபெயரில் இருக்கும்வரை வாடகை மிகக் குறைவு, அதற்கென்று தனி அட்டவணை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போனால் வருமானத்தில் 30 விகிதம். மூன்றாம் மாதம் அந்தக் கடிதம் வந்தது. அதே கிழமை மகளுக்குக் காய்ச்சல், டேகெயரில் இருந்து ஒரே நாளில் மூன்று போன், நானோ பேக்கரியில் பெல்ற்றுக்கு முன்னால் கையுறையோடு நிற்கிறேன், போன் லொக்கரில். நாலாவது தரம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாத புரொபேஷன் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது என்னை நிற்பாட்டினார்கள். என் கேஸ்வேர்க்கருக்கு மெசேஜ் விட்டேன், ஃபைல் மூடியாச்சு, புதிதாய் அப்ளை பண்ணுங்கோ என்று வேறொருவர் பதில் சொன்னார்.

இரண்டாம் தரம் வெற்றி கண்டதற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை. ஒரு சமூக நிலையத்தில் வேலை செய்த பிள்ளை ஒன்று, நான் வேலை தொடங்கிய பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் எடுக்கும். ‘அக்கா, இந்தக் கிழமை என்ன கடிதம் வந்தது, வாசியுங்கோ’ என்று கேட்கும். அவ்வளவுதான். கடிதத்தை வாசிப்பேன், எது அவசரம், எது சும்மா என்று சொல்லும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் எடுப்பது என்று மூன்று பேரின் பெயரை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டவைத்ததும் அந்தப் பிள்ளைதான். ஒரு வருடம் எடுத்தது. அதன் வேலை விவரத்தில் அது கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது, மதிய நேரத்தில் தன் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்திருக்கிறது.

வரிகட்டுபவன்:
கோபிக்க வேண்டாம், ஒன்று கேட்கிறேன். வேலை கிடைத்தாச்சு. பிறகும் கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்துக் கடிதம் வாசிக்க அரசாங்கம் ஆள் வைக்க வேண்டுமா? நான் 1989 இல் மொன்றியலில் இறங்கினேன். பகலில் பாத்திரம் கழுவினேன், விடிய மூன்று மணிக்குப் பேப்பர் போட்டேன். எனக்கு யாரும் கடிதம் வாசிக்கவில்லை. எத்தனை நாளைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு நடத்துவது?

ஸ்காபரோ_சித்தி:
அண்ணா, நீங்கள் விடிய மூன்று மணிக்குப் பேப்பர் போடும்போது உங்கள் பிள்ளைகள் யாருடைய பக்கத்தில் படுத்திருந்தார்கள்?

வரிகட்டுபவன்:
சரி. அக்காவின் கேள்வி விளங்குகிறது. மனிசி வீட்டில் இருந்தவ. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழைய_ஃபைல்:
நான் அந்த மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தவன், பல வருடம் கேஸ்வேர்க்கராய் இருந்து விட்டுவிட்டேன், எந்த ஒஃபிஸ் என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையின் மேல் கோபப்படாதீர்கள் அம்மா. நூறுக்கு மேல் ஃபைல் ஒரு ஆளுக்கு. இப்போது வேலை தேடும் உதவியை வேறு சேவை நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்தும் விட்டார்கள், ஆக வேலை ஒருவரிடம், காசு இன்னொருவரிடம். வேலை கிடைத்து ஒருவர் வெளியேறினால் ஃபைல் மூடப்படும், அதுதான் நல்ல முடிவு என்று எங்கள் கணக்கில் ஏறும். ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு ஒரு பெட்டிகூட அந்தத் திரையில் இருக்கவில்லை. திரும்பி வந்தால் அது புது விண்ணப்பம்.

அப்புறம் இன்னொரு விசயம், இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. தாய்மார் எங்களிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. 1995 இல் ஒன்ராறியோவின் மைக் ஹரிஸ் அரசாங்கம் வெல்ஃபெயர் காசை 21.6 விகிதம் வெட்டியது. அதே வருடம், ஒரு பெண் ஓர் ஆணோடு ஒரே வீட்டில் இருந்தால் முதல் நாளில் இருந்தே அவர் கணவர் மாதிரி என்று விதியை மாற்றினார்கள். வாடகையைப் பகிர வந்தவனா, ஷூ யாருடையது, வாசலில் நிற்கும் கார் யாருடையது, இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளாயின. 2002 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஃபோல்கினர் வழக்கில் அது பாகுபாடு என்று தள்ளிய பிறகுதான் மூன்று மாதம் சேர்ந்து இருந்த பிறகே அப்படிப் பார்க்கலாம் என்ற விதி வந்தது. 2001 இல் சட்பரியில் கிம்பர்லி ரொஜர்ஸ் என்ற பெண், மாணவர் கடனும் வெல்ஃபெயரும் சேர்த்து வாங்கியதற்காக ஆறு மாத வீட்டுக்காவல் தண்டனை பெற்று, ஓகஸ்ட் வெக்கையில் தன் அப்பாட்மென்றிலேயே இறந்து கிடந்தார். எட்டு மாதக் கர்ப்பிணி. அந்தச் செய்தி வந்த கிழமை என் முன்னால் வந்து இருந்த ஒவ்வொரு தாயும் கதிரையின் நுனியில்தான் இருந்தாள்.

கையில் தண்டனை வைத்திருக்கிற ஆளே உதவியாளாகவும் இருக்க முடியாது. சித்திக்குப் போன் எடுத்த பிள்ளை வெல்ஃபெயர் ஆளாய் இருந்திருந்தால், சித்தி கடிதத்தை வாசித்துக் காட்டியிருப்பாவா?

ஸ்காபரோ_சித்தி:
செத்தாலும் மாட்டேன்.

கணக்கப்பிள்ளை:
உணர்ச்சியை விடுவோம், அம்மாவின் ஃபைல் உண்மையிலேயே மூட வேண்டியதா என்று பார்ப்போம். எனக்கென்றால் மூட வேண்டாம் போலத் தெரிகிறது.

கிழமைக்கு 35 மணி, 18.50 என்றால் மாதம் 2,800 சொச்சம். வரி, சீபீபீ (ஓய்வூதியம்), ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி) போக 2,500 என்று வைப்போம். நீங்கள் மூன்று மாதத்துக்கு மேல் வெல்ஃபெயரில் இருப்பதால் முதல் 200 டொலரைத் தொட மாட்டார்கள், அதற்கு மேல் உள்ளதில் பாதியைத்தான் கழிப்பார்கள். 2,300 இல் பாதி 1,150. உங்கள் தொகை 1,057. அந்தக் கேஸ்வேர்க்கர் பிள்ளை இவ்வளவோடு கல்குலேற்றரை வைத்துவிட்டது.

ஆனால் வேலைக்குப் போவதற்காகக் கட்டும் பிள்ளை பராமரிப்புச் செலவையும் கழிக்க வேண்டும், அது விதி. லைசன்ஸ் உள்ள இடமென்றால் கட்டும் தொகை, லைசன்ஸ் இல்லாத ஆள், உதாரணத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மம்மா என்றால், பிள்ளைக்கு மாதம் 600 வரை. சின்னவளுக்கு அரசின் மலிவுக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்த டேகெயரில் நாளுக்கு 22 டொலர்தான் உச்சம், 21 நாளுக்கு 462. அந்த உச்சம் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும், மூத்தவனின் பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்புக்கு வராது, அதற்கு 350 என்று வையுங்கள். மொத்தம் 812. 1,150 இல் 812 போனால் 338. 1,057 இல் 338ஐத்தான் கழிக்க வேண்டும். அதாவது 719 டொலர் இன்னும் வரவேண்டும், மருந்துக் கார்ட்டும் நிற்காது. நகரத்தின் டேகெயர் மானியம் கிடைத்தால் நீங்கள் கட்டுவது குறையும், இந்தத் தொகையும் குறையும், ஆனால் அது நல்ல தலையிடிதான்.

போனில் கேட்காதீர்கள். ‘பராமரிப்புச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டு எழுத்தில் தாருங்கள்’ என்று இமெயில் போடுங்கள். ரசீதுகளை ஒரு பழைய மா ரின்னுக்குள் போட்டு வையுங்கள்.

மூத்தவனின் ஆஸ்துமா பஃபருக்குப் பயப்பட வேண்டாம், 25 வயதுக்குக் கீழே ஓஹிப் பிளஸ் என்ற மாகாண மருந்துத் திட்டம் கொடுக்கும். ஒன்றே ஒன்று, வேலையில் இன்சூரன்ஸ் தந்து பிள்ளையை அதில் சேர்த்தால் ஓஹிப் பிளஸ் நிற்கும், பிறகு அந்த இன்சூரன்ஸ் எத்தனை விகிதம் கட்டுகிறது என்பதுதான் கேள்வி. கையெழுத்து வைக்க முதல் அதைக் கேளுங்கள். உங்கள் சீனி மருந்துக்கு, ஃபைல் மூடினாலும் வேலைக்காக வெளியேறுகிறவர்களுக்கென்று நீட்டித்த சுகாதார உதவி ஒன்று இருக்கிறது, அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் தருவார்கள். அதுவும் முடிந்தால் ரில்லியம் என்ற மாகாண மருந்துத் திட்டம்.

பிள்ளைக் காசு போன வருட வருமானத்தைப் பார்த்து ஜூலையில் மாறும். இந்தச் சம்பளத்தில் மத்திய அரசின் பங்கு அசையாது, மாகாணத்தின் பங்கு குறையத் தொடங்கும். அதுவும் உடனே இல்லை, அடுத்த ஜூலையில். அந்த ஜூலையில்தான் கனபேர் விழுகிறார்கள், ஏனென்றால் அப்போது வேலை பழகிவிட்டது, செலவும் பழகிவிட்டது.

ரெண்டு_பிள்ளை_அம்மா:
719? இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். இமெயிலை ஆங்கிலத்தில் எழுதித் தர முடியுமா அண்ணா?

கணக்கப்பிள்ளை:
இன்பொக்ஸ் பாருங்கள். நான் அண்ணா இல்லை, அக்கா.

மொங்ரன்_மழை:
வரிகட்டுபவன் ஐயாவின் கேள்விக்கு இந்த நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது, ரொறன்ரோக்காரருக்குத் தெரியாமல் போவது ஆச்சரியமில்லை, நாங்கள் நியூ பிரன்ஸ்விக். 1992 இல் இங்கேயும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள், செல்ஃப் சஃபிசியன்சி புரொஜெக்ற், சுருக்கமாய் எஸ்எஸ்பீ, என்று பெயர். குறைந்தது ஒரு வருடம் வெல்ஃபெயரில் இருந்த தனிப் பெற்றோர், பெரும்பாலும் தாய்மார்தான். ஒரு வருடத்துக்குள் கிழமைக்கு 30 மணித்தியால வேலை எடுத்து வெல்ஃபெயரை விட்டால் மூன்று வருடம்வரை சம்பளத்துக்கு மேல் காசு தருவோம் என்றார்கள். கணக்கு சுலபம். இங்கே ஆண்டுக்கு 30,000 என்று ஒரு இலக்கு, அங்கே 37,000. உங்கள் சம்பளத்துக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியில் பாதி கிடைக்கும். 12,000 உழைத்தால் இன்னும் 9,000.

யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்தார்கள், ஆகவே ஒப்பிட முடிந்தது. முழுநேர வேலைக்குப் போன தாய்மாரின் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

வரிகட்டுபவன்:
மூன்று வருடம் முடிந்ததும்?

மொங்ரன்_மழை:
கெட்டிக்காரக் கேள்வி. காசு நின்றபின் இரு குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் கரைந்துபோனது. மற்றக் குழுவும் மெல்ல மெல்ல வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வரிகட்டுபவன்:
அப்ப நான் சொன்னதுதானே.

மொங்ரன்_மழை:
பொறுங்கள் ஐயா, அது பாதிக் கதை. நியூ பிரன்ஸ்விக்கில் மட்டும் ஒரு சின்னக் குழுவுக்குக் காசோடு ஆளையும் கொடுத்தார்கள். ஆரம்பத்திலேயே உட்கார்ந்து திட்டம் போடுவது, வேலை தேட உதவி, வேலை கிடைத்தபின் கோச் ஒருவர் தொடர்ந்து போன் எடுப்பது, வேலை போனால் அடுத்ததைத் தேடிக்கொடுப்பது. எஸ்எஸ்பீ பிளஸ் என்பார்கள். அந்தக் குழுவில் காசு எடுத்த ஆக்கள் கூட, வேலையில் நின்ற காலமும் கூட, காசு நின்ற பிறகும் அவ்வளவு கரையவில்லை. சித்தியின் வெள்ளிக்கிழமைப் போனைப் பொதுக் காசில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கும்போது நினைத்தேன். குழு சிறிது, ஆகவே சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடக் காசைவிட அந்தப் போன் மலிவு.

பழைய_ஃபைல்:
வேலை போனதும் அடுத்ததைத் தேடிக்கொடுப்பது என்கிறீர்களே, அங்கேதான் விசயம். முதல் வேலை நிற்பது அருமை. எங்கள் ஆக்கள் போகிற வேலைகள் அப்படி, பக்டரி, கிளீனிங், ஏஜென்சி. முதல் வேலை உடையும் என்று எழுதிவைத்துக்கொண்டு திட்டம் போட வேண்டும். எங்கள் முறை அது உடையவே உடையாது என்று வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறது.

சீட்டுத்_தாச்சி:
ஒன்று சொல்லட்டா, கொஞ்சம் விலகிப் போகிறது. சீட்டுப் பிடிக்கிற பெண்கள் கவனம். நான் வெல்ஃபெயரில் இருக்கும்போது 6,000 டொலர் சீட்டு எடுத்தேன், கார் வாங்க, காரில்லாமல் விடிய ஐந்தரை ஷிஃப்ற்றுக்கு எப்படிப் போவது? காசை வங்கியில் போட்டேன். ரிவியூ நேரம் ஸ்ரேற்மென்ற் கேட்டார்கள், இது எங்கிருந்து வந்தது என்றார்கள். சீட்டு என்றால் என்னவென்று ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். மாதாமாதம் நான் போட்ட காசுதான் திரும்பி வந்தது என்று சொல்ல, ‘யார் அந்த வங்கி’ என்று கேட்டால் என்ன சொல்வது? கமலாக்கா என்றா சொல்வது? (பெயர் மாற்றியிருக்கிறேன்.) கடைசியில் ஒரு தமிழ்ச் சமூகப் பணியாளர் வந்து கடிதம் எழுதித் தந்தா, இருபது பெயர், இருபது மாதம், யார் எப்போது எடுத்தது என்று கட்டம் போட்டு. அதோடு பிரச்சினை முடிந்தது. அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் நான் கள்ளி ஆகியிருப்பேன். சீட்டுக் கொப்பியை எறியாதீர்கள்.

மிசிசாகா_மருமகள்:
நான் தமிழ்நாடு, இங்கே கல்யாணம் கட்டி வந்தேன். ஒரு சந்தேகம். கணவர் ஸ்பான்சர் செய்து வந்தவர்கள் வெல்ஃபெயர் எடுத்தால் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) போய்விடும் என்கிறார்களே? என் தோழி அடி வாங்கிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

பழைய_ஃபைல்:
போகாது. 2012 முதல் 2017 வரை, இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் பிஆர் பறிபோகலாம் என்று ஒரு விதி இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் மட்டும் இன்னும் ஊருக்குள் திரிகிறது. ஸ்பான்சர் செய்தவர் மனைவிக்கு மூன்று வருடம் பொறுப்பு, அதற்குள் அவ வெல்ஃபெயர் எடுத்தால் அந்தக் கடன் அவருடைய தலையில். அடிபட்ட விசயத்தைச் சொன்னால் அவரிடம் போய்க் காசு கேட்கச் சொல்லி உங்கள் தோழியை நெருக்கக் கூடாது. தோழியை முதலில் பெண்கள் நிலையம் ஒன்றோடு கதைக்கச் சொல்லுங்கள், வெல்ஃபெயர் ஒஃபிஸுக்குப் பிறகு போகலாம். தனி இழை திறவுங்கள், நான் வருகிறேன்.

வரிகட்டுபவன்:
இரண்டு நாளாய் வாசிக்கிறேன். என் கருத்து முழுக்க மாறவில்லை, 1,057 டொலரைக் கூட்டச் சொன்னால் இன்னும் யோசிப்பேன். ஆனால் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு 719 டொலர் உரிமை இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய ஆள் சொல்லாமல் ஃபைலை மூடுகிறார், இங்கே யாரோ ஒரு கணக்கப்பிள்ளை சொல்ல வேண்டியிருக்கிறது. அது என் வரிக் காசுக்கும் நல்லதில்லை, அவ நாலு மாதத்தில் திரும்பி வந்தால் யாருக்கு லாபம்?

கணக்கப்பிள்ளை:
ஐயாவுக்கு ஒரு பிளேன்ரீ என் கணக்கில்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:
எல்லோருக்கும் நன்றி, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இமெயில் அனுப்பி ஆறாம் நாள் பதில் வந்தது. டேகெயர் ரசீது கொண்டுவந்தால் மாதாமாதம் பார்த்துக் கணக்கிடுவார்களாம், ஃபைலை இப்போதைக்கு மூடவில்லை. தொகை எவ்வளவு என்று போடவில்லை. கணக்கப்பிள்ளை அக்கா அந்த இமெயிலைப் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொன்னா, எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை தொடங்குகிறேன். ஷிஃப்ற் ஏழு மணிக்கு, டேகெயர் திறப்பதும் ஏழு மணிக்கு. இதை நான் நேர்முகத்திலேயே கேட்டிருக்க வேண்டும். மேல்வீட்டு அம்மா ஆறரைக்குச் சின்னவளை எடுத்து டேகெயரில் விடுவதாய்ச் சொன்னா, அவவுக்கு 70 வயது, பனிக்காலத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. மூத்தவனின் பள்ளி எட்டே முக்காலுக்கு. அவன் ‘நான் தனிய நிற்பன் அம்மா’ என்கிறான். ஒன்பது வயது.

ஃப்ரிட்ஜில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன் சித்தி. இரண்டு பெயர்தான் கிடைத்தது.

ஸ்காபரோ_சித்தி:
எந்தச் சந்தியில் இருக்கிறாய் என்று இன்பொக்சில் போடு. மார்க்கம் ரோட்டுக்குக் கிழக்கு என்றால் மூன்றாவது பெயர் என்னுடையது. ஆஸ்துமாக்காரனைத் தனிய விடாதே, பள்ளியில் காலைப் பராமரிப்பு இருக்கிறதா என்று நாளைக்கே கேள், இல்லையென்றால் அவனும் மேல்வீட்டில் நிற்கட்டும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பிறகு போன் எடுப்பேன், வந்த கடிதமெல்லாம் பக்கத்தில் வைத்திரு, பிரித்ததும் பிரிக்காததும்.